கூரையில் பதிந்த கட்டைவிரல்

பிளாஸ்டிக் வீட்டுக் கிட் வாங்கினால் பாகங்களை முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவிவிடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பெயின்ட் ஒட்டாது. பலர் இதைச் செய்வதில்லை.

நானும் என் மகள் நித்யாவும் சேர்ந்து ஒரு குட்டி ரயில்வே ஸ்டேஷன் செய்தோம். பெயின்ட் காய்வதற்குள் தொட்டுவிட்டாள். நீலக் கூரையில் அவள் கட்டைவிரல் ரேகை பதிந்துவிட்டது. "உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சுருவோம்" என்றேன். "இருக்கட்டும்ப்பா" என்றாள். அந்த மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து போய்விட்டாள். ரேகை மட்டும் இருந்தது.

அரிமளம் பக்கம் எங்கள் பூர்வீக வீடு. ஆளுக்கொரு பங்கு அறை, ஆளுக்கொரு சாவி. முன்னோருக்குப் படைக்க மட்டும் எல்லோரும் கூடுவோம். மற்ற நாளில் நான் ஒருவன்தான். இந்தத் தடவை நடு முற்றமான வளவைச் சுத்தம் செய்த என் தம்பி அழகு, ஸ்டேஷனைக் குப்பையோடு போட்டுக் கொளுத்திவிட்டான். யாருடையது என்று தெரிந்தேதான்.

"பிளாஸ்டிக் பொம்மைதானேண்ணே. மெட்ராஸ்ல பத்து வாங்கித் தாரேன், விடுங்க" என்றான். சிரித்து வைத்தேன்.

அவன் தவிர எல்லோரும் கிளம்பிப் போன பிறகு, பித்தளைச் சாமான் பார்க்கலாம் வா என்று என் அறைக்குக் கூப்பிட்டேன். அவன் செல்போன் வெளியே சார்ஜில் கிடந்தது. சன்னல் இல்லாத அறை, தேக்குக் கதவு. அவன் உள்ளே போனதும் பூட்டினேன்.

புருஷனைக் காணோம் என்று நாச்சம்மை போலீஸ் ஸ்டேஷனிலிருந்து உங்களைக் கூட்டிவந்தாள், நினைவிருக்கும். அந்தப் பூட்டிய அறையைப் பற்றிக் கேட்டீர்கள். அதே கதவில் சாய்ந்துகொண்டு அவள்தான் சொன்னாள்: "அது அவுக பங்கு சார். ஒருத்தர் அறையை இன்னொருத்தர் தொறந்து பாக்குறது எங்கள்ல வழக்கம் இல்லீங்க." உள்ளே சத்தமில்லை. தூங்கியிருப்பான்.

மற்றபடி அவனை நான் தனியாக விடவில்லை. வளவில் உட்கார்ந்து, அதே ஸ்டேஷன் கிட் இன்னொன்றை ஒட்டிக்கொண்டிருந்தேன். அழகு எல்லோரையும் கூப்பிட்டான். என்னை, நாச்சம்மையை, செத்துப்போன எங்கள் ஆத்தாவை. என் பிள்ளை பெயரை மட்டும் சொல்லவில்லை. சொன்னால் திறந்துவிடுவது என்றுதான் இருந்தேன். நான் கல்நெஞ்சக்காரன் இல்லை.

கூரை ஒட்டிய அன்று சொன்னான். குரல் தேய்ந்திருந்தது. "நித்யா செஞ்சதுன்னு தெரியும்ணே. மன்னிச்சுருங்க."

கையில் கூரை இருந்தது. பிடியை விட்டால் கோணிக்கொள்ளும். கம் நன்றாகக் காய்ந்ததும் எழுந்துபோய், நினைத்தபடியே கதவைத் திறந்தேன். அதற்குள் போய்விட்டான்.

கொஞ்ச நேரம் பொறுத்திருக்கலாம் அவன்.