ராஜாவின் கழுத்தில் ஒரு விரிசல்

இந்த மேஜை ஆடுகிறது, ஐயா. ஒரு காலுக்கடியில் காகிதத்தை மடித்து வைத்தால் சரியாகிவிடும். மரவேலை செய்கிறவன் கண்ணுக்கு இதெல்லாம்தான் முதலில் படும். நீங்கள் கேட்டதற்கு வருகிறேன்.

நான் செஸ் காய்கள் செய்கிறவன். பழைய பெரிய போட்டிகளில் ஆடிய காய்களைப் புகைப்படத்தில் பார்த்து அச்சு அசலாகத் திரும்பச் செய்வேன். ராஜாவைக் கடைந்து, அடியில் குழி எடுத்து, கனத்துக்கு ஈயம் ஊற்றுவேன். பழைய குதிரைக்குக் காது மூளி என்றால் என் குதிரைக்கும் மூளிதான். விற்பனையைப் பார்த்துக்கொண்டது என் மச்சான், மனைவியின் அண்ணன். பெட்டிக்குப் பெட்டி ஓர் அட்டை வைப்பார்: 'அசலில் எப்படி விழுந்ததோ, அப்படியே விழுந்த கீறல்கள்.' வாக்கை அள்ளி விடுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. காப்பாற்றுவது மட்டும் என் பாடு.

ஒரு வாடிக்கையாளர் பழைய இறுதிப்போட்டி ஒன்றின் காய்களைக் கேட்டார். அந்த ஆட்டத்தில் தோற்றவர் ஆத்திரம் தாங்காமல், தன் ராஜாவை எடுத்து ஜெயித்தவர் தலையில் ஓங்கி ஒரு போடு போட்டிருக்கிறார். ராஜாவின் கழுத்தில் விரிசல். அடி வாங்கியவர் தலையைத் தடவிக்கொண்டே எழுந்துபோய்க் கோப்பையை வாங்கிக்கொண்டார். விரிசல் படத்தில் தெளிவாகத் தெரிகிறது. பாதி தூரம் இறங்கி இடப்பக்கம் வளைகிறது. வாடிக்கையாளர் பூதக்கண்ணாடியோடு வருகிற ரகம்.

"கத்தியால ஒரு கோடு இழுத்துக் குடு மாப்ளே. எவன் பாக்கப் போறான்?" என்றார் மச்சான்.

"அட்டையில என்ன எழுதியிருக்கீங்க மச்சான்?"

"அது சும்மா எழுதுறதுதானே."

அந்த 'சும்மா' எனக்குச் சுருக்கென்று தைத்தது. என் உழைப்பு முழுவதும் அந்த அட்டையை நம்பித்தான் இருந்தது. கோபப்படவில்லை. ஒரு கூடை நிறைய ராஜாக்களைக் கடைந்து வைத்துக்கொண்டு வேலையில் இறங்கினேன்.

சுவரில் அடித்தால் ராஜா இரண்டாகப் பிளந்தார். மணல் மூட்டையில் ஒன்றுமே ஆகவில்லை. பூசணிக்காயில் மகுடம்வரை புதைந்துபோய், வெளியே எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. தலைக்கு ஈடு தலைதான் என்பது அப்போதுதான் புரிந்தது. மச்சான் எதிரில் உட்கார்ந்து, குனிந்து அட்டை எழுதிக்கொண்டிருந்தார். முடி கொட்டிய, நல்ல உருண்டைத் தலை.

"ஒரே ஒரு தட்டு, மச்சான்" என்றேன். "தட்டித் தொலை, உன் ஆசையக் கெடுப்பானேன்" என்று சிரித்துக்கொண்டே தலையைக் காட்டினார். அவர் சம்மதித்தார் என்பதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் தட்டில் ராஜாவுக்கு ஒன்றும் இல்லை. அடுத்ததில் மகுடம் தெறித்தது. அப்போது மச்சான் "போதும்டா" என்றார். பாதி வேலையில் போதும் என்றால் எப்படி, ஐயா? கூடையில் ராஜாக்கள் இருந்தார்கள்.

நடுவில் மனைவி வாசலிலிருந்து, "அண்ணன் சாப்பிட வரலையா?" என்று கேட்டாள். "எனக்கு ஒத்தாசையா இருக்காரு, நீ சாப்பிடு" என்றேன். பொய் இல்லையே.

கூடை காலியாகும் சமயத்தில் அந்த விரிசல் விழுந்தது. பாதி தூரம் இறங்கி, இடப்பக்கம் வளைந்து, படத்தில் இருந்தபடியே. வாழ்க்கையில் அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வந்ததில்லை. காட்டுவதற்கு முதலில் மச்சானைத்தான் கூப்பிட்டேன். அவர் பார்க்கவில்லை.

ஆமாம், கொன்றது நான்தான். ராஜாவைத் துடைத்துப் பெட்டியில் வைத்திருக்கிறேன்; வாடிக்கையாளர் வந்தால் கொடுத்துவிடுங்கள். ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அசலில் அடி வாங்கியவர் எழுந்துபோனார், நம்முடையதில் எழுந்திருக்கவில்லை. அந்த ஒரு குறை இருக்கிறது. தெரிந்தே யாரையும் ஏமாற்றி எனக்குப் பழக்கமில்லை, ஐயா.