இருக்கையில் உட்காராத நடையக்கா

மேடையில் அமர்ந்திருக்கும் பதிவேட்டுத் துறைத் தலைவர் அவர்களே, தலைமைச் செவிலியர் அவர்களே, முதல் வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் நம் அக்காவின் கணவர் அவர்களே, மகளே, வேலையைப் பாதியில் விட்டு ஓடிவந்திருக்கும் தோழர்களே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

அக்காவின் இந்த இரங்கல் கூட்டத்தில் என்னைப் பேச அழைத்தது தவறு. பதினான்கு ஆண்டுகள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து அவர்மீது பொறாமைப்பட்டவன் நான்!

எங்கள் வேலை என்னவென்று குடும்பத்தாருக்குத் தெரிந்திருக்காது. உள்நோயாளி வீடு திரும்பிய பிறகோ, திரும்பாமலே போன பிறகோ, அவருடைய கோப்பு எங்கள் மேசைக்கு வரும். செய்த சிகிச்சை ஒவ்வொன்றையும் குறியீட்டு எண்ணாக மாற்றுவோம். நின்ற இதயத்தை நெஞ்சில் அழுத்தி மீட்க முயன்றால் ஓர் எண். குழாய் செருகி மூச்சு கொடுத்தால் இன்னோர் எண். மருத்துவர் எழுதாதது நடக்காதது. இதுதான் எங்கள் விதி.

இந்த விதியை மீறாதவன் நான். மீறாமலே என்னை ஜெயித்தவர் அவர்! கோப்பில் சந்தேகம் வந்தால் எழுந்து வார்டுக்கே போய்விடுவார். 'நடையக்கா' என்று கேலியாகப் பட்டம் வைத்தது நான்தான். வார்டு முழுக்க அந்தப் பெயரைச் செல்லமாக்கிக்கொண்டது. எனக்கு வயிறு எரியாதா?

ஒரு முதியவர் இறந்தார். 'நாடித்துடிப்பு இல்லை, மரணம் உறுதி' என்று மட்டும் மருத்துவர் எழுதியிருந்தார். செவிலியர் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றதாக மகன் புகார் கொடுத்திருந்தார். அந்தப் பெண்ணின் வேலையே போகும் நிலை. கோப்பு முதலில் என்னிடம்தான் வந்தது. உயிர் மீட்பு பற்றி எழுத்தில்லை, எண் போடவில்லை, தள்ளிவிட்டேன். மறுபார்வைக்கு அக்காவிடம் போனது. அவர் கீழே இறங்கினார். கோப்பில் சேராமல் வார்டு இழுப்பறியில் கிடந்த, நெஞ்சை அழுத்திய நேரம் பதிவாகியிருந்த இதயத்துடிப்புத் தாளை எடுத்தார். அடுத்த படுக்கைக்கு ஓடிய அவசரத்தில் எழுத மறந்த மருத்துவரிடம் காட்டினார். மருத்துவர் எழுதிய நாளின் தேதியையே இட்டுத் தாமதக் குறிப்பு எழுதிக் கையெழுத்திட்டார். செவிலியரின் வேலை தப்பியது.

கோப்பின் நகல் வாங்க வந்தார் மகன். "அப்பாவை அப்படியே விட்டுட்டாங்களா மேடம்?" என்று அக்காவிடம் கேட்டார்.

"இருபத்திரெண்டு நிமிஷம் தம்பி. கை மாத்திக் கை மாத்தி அழுத்தியிருக்காங்க. யாரும் விட்டுடல."

அந்த மனிதர் மேசையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அக்காவைக் கும்பிட்டார். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? அது என் கோப்பு! அந்தக் கும்பிடு எனக்கு வர வேண்டியது! இப்படி நினைக்க ஒரு மனிதனால் முடியுமா? முடிந்தது, நண்பர்களே.

அன்று மாலையே ஒரு கடிதம் எழுதினேன். 'பணி நேரத்தில் இருக்கையில் இருப்பதில்லை.' ஒரே வரி. பெயர் போடவில்லை. யார் எழுதியது என்று நம் தலைவருக்கு இன்றுவரை தெரியாது. இப்போது தெரிந்துகொள்ளுங்கள் ஐயா, நான்தான்!

ஒரு வாரத்தில் சுற்றறிக்கை வந்தது. யாரும் இருக்கையை விட்டுப் போகக்கூடாது, சந்தேகங்களைக் கணினியில் அனுப்ப வேண்டும். அக்கா அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். "நல்லதாப் போச்சு தம்பி, இனிமே முட்டி வலி மிச்சம்" என்றார். அதன் பிறகு மூன்று கேள்வி அனுப்பினால் ஒன்றுக்குப் பதில் வந்தது. ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

போன புதன்கிழமை பேருந்து நிறுத்தத்தில் விழுந்த அக்காவை நம் அவசரப் பிரிவுக்கே தூக்கி வந்தார்கள். அந்தக் கோப்பும் என் மேசைக்குத்தான் வந்தது. 'உயிர் மீட்பு முயற்சி பலனளிக்கவில்லை.' அவ்வளவுதான் எழுதியிருக்கிறது. நெஞ்சை அழுத்தினார்களா? குழாய் செருகினார்களா? எத்தனை நிமிடம்? எதுவும் இல்லை. கணினியில் கேள்வி அனுப்பினேன். நான்கு நாள் ஆகிறது, பதில் இல்லை.

சற்றுமுன் இந்த மண்டபத்தின் வாசலில் அவருடைய மகள் என்னை நிறுத்தினாள். "மாமா, நீங்கதான் அம்மா ஃபைலைப் பாக்குறீங்களாமே. எவ்வளவு நேரம் முயற்சி பண்ணாங்க?"

என்னிடம் பதில் இல்லை, தோழர்களே! அந்தப் பதில் வரும் வழியை ஒற்றை வரியில் அடைத்தவன் நான்!

தலைவர் அவர்களே, அந்தச் சுற்றறிக்கையைத் திரும்பப் பெறுங்கள் என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்கிறேன். பெறாவிட்டாலும் இந்தக் கூட்டம் முடிந்ததும் அவசரப் பிரிவுக்குப் போவேன். அன்று பணியில் இருந்தவர்கள் ஒவ்வொருவரையும் கேட்பேன். நாளை இன்னொருவர் கோப்புக்காகவும் போவேன். வேண்டுமானால் என்மீது புகார் எழுதுங்கள், பெயர் போட்டே எழுதுங்கள். அக்காவின் வேலை நிற்காது. இது என் உறுதி.

மகளே, இன்று இருட்டுவதற்குள் உன் வீட்டுக்கு வந்து எத்தனை நிமிடம் என்று சொல்வேன். உன் அம்மாவாக இருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார். இந்த நேரத்திலும் அதை நினைத்து எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது.