கூண்டில் ஏறி வந்தவர்கள்

சாயங்காலம் ஆறு மணி இருக்கும். நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போகிற அந்த மண்சாலையில் ஈ காக்கை கிடையாது. இரண்டு பக்கமும் கரிக்கழிவு மேடு... நடுவே சைக்கிளில் ஒரே ஓர் ஆள். நம் தெருத் தையல்காரரின் மச்சான்தான். சுரங்கத்தில் எலெக்ட்ரீஷியன். உடம்பு வாகைப் பார்த்து எல்லோரும் 'கம்பி' என்பார்கள். நெருங்கி உட்காருங்கள், கதவு திறந்துதான் கிடக்கட்டும்.

அன்றைக்கு அவருக்கு மிதிக்கவே கால் வரவில்லை. ஃபோர்மேன் சொல்லி அனுப்பியிருந்தார்: "கம்பி, மூணாம் பாதையில பெட்டி கத்துது. வந்ததும் பையைக் கட்டிடு."

பெட்டி என்றால் வாயுவை மோப்பம் பிடிக்கிற கருவி. தீப்பற்றும் அளவுக்கு வாயு சேர்ந்தால் கத்தும். கத்தினால் ஆட்கள் மேலே வந்துவிட வேண்டும், அதுதான் சட்டம். ஆனால் வேலை நிற்கக் கூடாதே! அதனால் வாயு புகாதபடி பெட்டியின் தலையில் ஒரு பிளாஸ்டிக் பை. அரசாங்கப் பாதுகாப்பு அதிகாரி வருகிற அன்று மட்டும் பை இறங்கும். அதிகாரிக்கும் தெரியாமல் இல்லை. அவர் சுரங்கத்துக்குள் கால் வைத்ததே கிடையாது. விருந்தினர் விடுதியில் சாப்பாடு, கையெழுத்து, ஒரு ஏப்பம்... கிளம்பிவிடுவார்.

போன வருஷம் இரண்டாம் சுரங்கப்பாதை வெடித்தது இப்படித்தான். பை கட்டிய எலெக்ட்ரீஷியனும் உள்ளே, ஒரு ஷிப்டு ஆட்களும் உள்ளே. தீ அடங்காமல் சுவர் வைத்து மூடிவிட்டார்கள். உடலைக்கூட எடுக்கவில்லை. கம்பியின் தம்பியும் அந்தச் சுவருக்குப் பின்னால்தான். விசாரணைக்கு அதே அதிகாரி வந்தார். அதே கையெழுத்து. சுரங்கம் திறந்துவிட்டது.

கம்பி ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டில் கீழே இறங்கி, பெட்டிக்கு ஏணி போட்டு ஏறினார். பெட்டி வீல்வீலென்று கத்திக்கொண்டிருந்தது. பையை மாட்டி இறுக்கினார். சத்தம் அடங்கியது.

அப்போது... பை உள்ளே ஒட்டியது. சரக். பிறகு உப்பியது. சரக்... காற்றாக இருக்கும் என்று கையை நீட்டிப் பார்த்தார். காற்றே இல்லை. பையின் உட்புறத்தில் ஆவி படிந்தது. முடி கருகிய நாற்றம். காதுக்குப் பக்கத்தில், மெதுவாக:

"அண்ணா... மூச்சு முட்டுது."

கம்பி பையைக் கிழித்தெறிந்தார். "எல்லாரும் மேல ஓடுங்க!" என்று அவர் போட்ட கூச்சலில் வேலை செய்தவர்கள் அத்தனை பேரும் கூண்டுக்கு ஓடினார்கள். கூண்டு ஏறி இறங்கி, ஏறி இறங்கி, கடைசியாகக் கம்பியும் மேலே வந்தார்.

ஃபோர்மேன் பாய்ந்தார். "யாரைக் கேட்டு நிறுத்துன?"

"இனிமே என் கையால கட்ட மாட்டேன் சார். வேணும்னா நீங்களே இறங்கிக் கட்டுங்க."

ஃபோர்மேன் வாயைத் திறப்பதற்குள் மணி அடித்தது. கீழேயிருந்து. மூன்று தடவை. 'ஆள் ஏறியாச்சு, தூக்கு' என்று அர்த்தம்.

கூண்டைத் தூக்கும் வின்ச்சை ஓட்டுகிறவருக்கு முகம் வெளுத்துவிட்டது. "கீழ யாரு இருக்கா?"

"ஒருத்தரும் இல்ல," என்றார் கம்பி.

மறுபடி மணி.

தூக்கினார். வடம் முழுப் பாரத்தில் முனகியது. கூண்டு வந்து நின்றது, கதவைத் திறந்தார்கள்... காலி. ஆனால் கூண்டு லேசாக மேலே எழும்பியது. ஓர் ஆள் இறங்கினால் எழும்புமே, அப்படி. மறுபடி எழும்பியது. மறுபடி. ஏதோ ஒரு கை கம்பியின் தோளை அழுத்திவிட்டு நகர்ந்தது. தம்பி எப்போதும் அப்படித்தான் அழுத்திவிட்டுப் போவான்.

மறுநாள் அதிகாரி வந்தார். கீழே இறங்கவில்லை. பெட்டியில் கோளாறு, பொய்யான எச்சரிக்கை என்று முடித்துவிட்டார். கம்பிக்கு வேலை போயிற்று. சாயங்காலமே வேறொருவன் ஏணி ஏறிப் பையைக் கட்டினான்.

அதிகாரியின் கார் புறப்படும்போது வாசலில் நின்றது. பின்பக்கம் தரையை உரசியது. டிரைவர் இறங்கி டயர்களைத் தட்டிப் பார்த்தார். காற்று சரியாகவே இருந்தது. குழம்பிப்போய் வண்டியை எடுத்தார்.

வாசல் கேட்டைத் திறந்துவிட்ட வாட்ச்மேன் காருக்குள் எட்டிப் பார்த்திருக்கிறார். பின் சீட்டில் அதிகாரி மட்டும்தான். ஜன்னலோர இடம் இரண்டும் காலி. அவரோ நட்டநடுவில்... இரண்டு தோளையும் ஒடுக்கிக்கொண்டு, கையை மடிக்குள் இடுக்கியபடி, நகர இடமில்லாதவர் மாதிரி உட்கார்ந்திருந்தாராம்.