மேலிருந்து பார்த்த ஆறு

— அந்தப் பொண்ணை அழ வேணாம்னு சொல்லுடா தம்பி. மத்த பசங்க செஞ்சு பலூன்ல அனுப்பின சோதனைப் பெட்டியெல்லாம் ஒழுங்கா ஓடுது. அவ செஞ்ச கேமரா மட்டும்தான் இன்னும் கண்ணு திறக்கல.

— நீயே சொல்லேன்க்கா! நீ கன்ட்ரோல் ரூம்ல ஜம்முனு உக்காந்துட்ட. இங்க மொத்தப் பள்ளிக்கூடமும் என்னைப் பிச்சுத் திங்குது. நான் வெறும் வேன் ஓட்டுறவன்னு சொன்னா எவன் கேக்குறான்?

— சரி சரி. மேல குளிர்ல பேட்டரி உறைஞ்சிருக்கும். வேற பெட்டியை நிறுத்திட்டு அந்தக் கரண்டை இதுக்குத் திருப்புறேன். எங்க நிக்கிறீங்க?

— நீ சொன்ன இடத்துலதான். ஆத்துக்குள்ள, நட்டநடு மணல்ல. பாராசூட் இறங்கினா அலேக்காப் பிடிக்கணும்னு பசங்க போர்வையை விரிச்சிட்டாங்க.

— வந்துடுச்சுடா, படம் வந்துடுச்சு!

— குதிக்கிறாக்கா அவ! என்ன தெரியுதுன்னு கேக்குறா.

— அணை தெரியுது, நகம் மாதிரி. அதுக்குக் கீழ ஆறு... இரு. ஆறு காஞ்சுதானே கிடக்கு?

— பொட்டுத் தண்ணி இல்ல. ஏன்?

— இங்க பாதி ஆறு பழுப்பா இருக்கு.

— மேகத்தோட நிழலா இருக்கும்க்கா.

— அப்படித்தான் நானும் நினைச்சேன். அடுத்த படத்துல அது நகந்திருக்கு. உங்க பக்கமா.

— விளையாடாதக்கா. இங்க காத்துகூட அசையல. கொக்குங்கதான் திடீர்னு மொத்தமா எழும்பிப் போச்சு.

— அணை உடைஞ்சிடுச்சுடா, அது வெள்ளம்! பசங்களை மேட்டுக்கு ஏத்து!

— வேன் மணல்ல புதைஞ்சு...

— வேன் கிடக்கட்டும், ஓடுங்க!... தம்பி? டேய், பேசுடா. பேசித் தொலைடா!

— இருக்கேன்... மூச்சு வாங்குது. எல்லாரும் ஏறியாச்சு. தலை எண்ணிட்டேன், ஒண்ணும் குறையல.

— அப்பாடா.

— ஆனா தண்ணியவே காணோம்க்கா. மணல் அப்படியே கிடக்கு. பசங்க சிரிக்குதுங்க. போர்வையை எடுக்க இறங்கட்டுமாங்குதுங்க.

— ஒருத்தரையும் இறக்காத. இப்போ புதுப் படம் வந்திருக்கு. ஆத்துல மேல பெரிய வளைவு இருக்குல்ல, அங்க கரை பிச்சுக்கிச்சு. தண்ணி ஆத்தை விட்டு வெளிய போயிடுச்சு.

— நல்லதாப் போச்சு! பிழைச்சோம்! எந்தப் பக்கமாப் போகுது?

— இரு, படத்தைப் பெருசாக்குறேன்.

— அக்கா? எந்தப் பக்கம்னு கேட்டேன்.

— நான் உக்காந்திருக்கிற கட்டடம் தெரியுதுடா படத்துல. மொட்டை மாடியைச் சுத்தி எல்லாம் பழுப்பா இருக்கு.