கேப்டன் ரவிசங்கர் அனுமதி கேட்கவில்லை

தலைமை ஏற்றிருக்கும் டாக்டர் லலிதாம்பாள் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, கணவரைப் பறிகொடுத்துவிட்டு நம் எதிரே உட்கார்ந்திருக்கும் மீனலோசனி அம்மா அவர்களே, திருநகரிலிருந்தும் திருமங்கலத்திலிருந்தும் வந்திருக்கும் உறவினர்களே, நண்பர்களே, வணக்கம்.

என் பெயர் அழகுபாண்டி. நம்மூர் விமான நிலையத்தின் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் பத்தொன்பது ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். எனக்கு முன்னால் பேசியவர்கள், கேப்டன் ரவிசங்கர் அமைதியானவர், யாரையும் எதிர்த்துப் பேசாதவர் என்றார்கள். அமைதியானவர்தான். எதிர்த்துப் பேசாதவர் என்று யார் சொன்னது? என்னை எதிர்த்துப் பேசினார். பேசியதால் நாற்பத்து நான்கு பேர் பிழைத்தார்கள். அதைச் சொல்லத்தான் இங்கே ஏறியிருக்கிறேன்.

1997 மே மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி. ஓடுபாதையில் தார் போடும் வேலை நடந்துகொண்டிருந்தது. மாலை நாலு மணி வரை எந்த விமானமும் இறங்கக் கூடாது என்று எல்லோருக்கும் முன்கூட்டியே அறிவித்திருந்தோம். அப்போது சென்னையிலிருந்து திருவனந்தபுரம் போய்க்கொண்டிருந்த ஒரு சிறிய விமானம் எங்களை அழைத்தது. "மேடே, மேடே, மேடே." உயிர் ஆபத்து என்று பொருள். பயணிகள் பகுதியில் புகை, மதுரையில் இறங்க வேண்டும் என்றது அந்தக் குரல்.

நான் என்ன சொன்னேன்? முடியாது என்றேன். ஓடுபாதை மூடியிருக்கிறது, திருச்சிக்குப் போங்கள் என்றேன். மறுபடியும் கேட்டார். மறுபடியும் முடியாது என்றேன். என் கண்ணெதிரே ஓடுபாதையில் முப்பத்தெட்டுக் கூலியாட்கள் நின்றார்கள். அவர்களும் உயிர்கள்தானே?

அதுவரை ஆங்கிலத்தில் பேசிய குரல் சட்டென்று தமிழுக்கு மாறியது. கேப்டன் ரவிசங்கர்தான்; நம்மூர்க்காரர், என் குரலை அடையாளம் கண்டுவிட்டார்.

"அழகுபாண்டி அண்ணே, திருச்சிக்கு இருபது நிமிஷம். அம்புட்டு நேரம் எங்கிட்ட இல்ல. நான் கேக்கல, சொல்றேன். ஏழு நிமிஷத்துல இறங்குறேன். ஆளுகள மட்டும் அப்புறப்படுத்துங்க."

அந்தக் குரலில் கோபம் இல்லை, பதற்றமும் இல்லை. தீயணைப்பு வண்டியை எழுப்பிவிட்டு, ஜீப்பை அனுப்பினேன். ஆட்கள் ஓடிவிட்டார்கள். சாலை உருளை மட்டும் நடுப்பாதையில் நின்றது. அதை ஓட்டிய உக்கிரபாண்டி இதோ மூன்றாவது வரிசையில் இருக்கிறார். இறங்கி ஓடு என்று ஜீப்பில் போனவர் கத்தியிருக்கிறார். இவர் சொன்ன பதில்: "நான் ஓடிருவேன், இது ஓடுமா? குறுக்க திருப்பிப் புல்லுல இறக்கிட்டு வாரேன்." இறக்கினார். அதற்குள் கிழக்கே விமானம் தெரிந்துவிட்டது.

வேலை நடக்காத பக்கமாகத் தரையைத் தொட்டு, புதுத் தாருக்கு நூறு அடி முன்னால் நிறுத்தினார் கேப்டன். ஒரு பெண்மணிக்குக் கால் பிசகியது. வேறு யாருக்கும் ஒன்றுமில்லை. எல்லோரையும் இறக்கிவிட்டு, இருமிக்கொண்டே கடைசியாக இறங்கினார். சிறிது நேரத்தில் பின்பகுதிக் கூரை எரிந்து உள்ளே விழுந்தது. திருச்சிக்குப் போயிருந்தால்? அந்தக் கேள்வியோடு ஏழு ஆண்டுகளாகப் படுக்கிறேன், எழுந்திருக்கிறேன்.

இப்படிப்பட்டவருக்கு அவருடைய நிறுவனம் என்ன கொடுத்தது? கோபுரத்தின் உத்தரவை மீறினார் என்று குற்றப்பத்திரிகை கொடுத்தது. அதே விமானத்தில் அதற்கு முன் இரண்டு முறை புகை நாற்றம் வந்து, விமானிகள் எழுதிக்கொடுத்திருந்தார்கள். சரிபார்க்காமல் பறக்கவிட்டிருந்தார்கள். விமானி குற்றவாளி ஆகிவிட்டால் விமானம் நிரபராதி ஆகிவிடும் அல்லவா?

பதினான்கு மாதம் அவரைப் பறக்கவிடவில்லை. விளக்குத்தூண் பக்கம் தம்பியின் ஜவுளிக் கடையில் நின்று துணி கிழித்துக் கொடுத்தார். "பைலட்டு துணி கிழிக்கிறாரு" என்று சிரித்தவர்கள் உண்டு. அவரும் கூடச் சிரித்தார்.

அந்த நாட்களில் நிறுவனத்தின் அதிகாரி ஒருவர், தட்டச்சு செய்த காகிதத்தோடு என் வீட்டுக்கு வந்தார். புகை என்ற வார்த்தையை விமானி சொல்லவே இல்லை என்று அதில் இருந்தது. "ஒரு கையெழுத்துப் போட்டுட்டா உங்களுக்கும் பிரச்சினை இல்ல" என்றார். நான் துரத்தினேனா? இல்லை. மூன்று நாள் பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன். முடியாது என்று இரண்டு முறை சொன்னவன் நான். என் வேலையும் போய்விடுமோ என்று பயந்தேன். நாலாம் நாள் கடைக்குப் போய் அதைக் கேப்டனிடம் காட்டினேன். படித்துவிட்டு மடித்துக் கொடுத்தார்.

"நடந்தத நடந்தபடி சொல்லுங்கண்ணே. எனக்காகக் கூட்ட வேணாம். உங்களுக்காகக் குறைக்கவும் வேணாம்."

விசாரணையில் அப்படியே சொன்னேன். அதற்குப் பிறகுதான் கோபுரத்தில் பதிவான ஒலிநாடாவை வரவழைத்துப் போட்டுக் கேட்டார்கள். ஆபத்து நேரத்தில் கடைசி முடிவு விமானியுடையது என்பது விதி. அது அவர் தட்டிப் பறித்த உரிமை அல்ல. கோபுரத்தில் உட்கார்ந்திருப்பவன் மூக்கில் அந்தப் புகை ஏறாது. விசாரணை அவர் பக்கம் முடிந்தது. மறுபடியும் பறந்தார்.

ஆனால் அவருடைய பணிப் பதிவேட்டில் "உத்தரவுக்குக் கீழ்ப்படியாதவர்" என்ற ஒரு வரியை நிறுவனம் விட்டுவைத்தது. அந்த ஒரு வரியைக் காட்டியே, இளம் விமானிகளுக்குப் பயிற்சி தரும் பதவியை இரண்டு முறை மறுத்தார்கள். சென்ற மாதம் ஐம்பத்தோரு வயதில் மாரடைப்பு வந்து போய்ச் சேர்ந்தார். அந்த வரி மட்டும் சாகவில்லை.

அதைச் சாகடிக்காமல் நாங்கள் ஓயப்போவதில்லை. என்னிடம் வேலை பழக வருகிறவர்களுக்கு நான் ஒன்றைச் சொல்லிக்கொடுக்கிறேன். ஆபத்து என்று குரல் வந்தால் உன் வாயிலிருந்து முதலில் வர வேண்டியது, என்ன வேண்டும் என்ற கேள்வி. முடியாது என்ற வார்த்தை அல்ல. என்னை எத்தனை ஊருக்கு மாற்றினாலும் இதைச் சொல்லுவேன்.

நிறுவனத்தின் சார்பில் மலர்வளையத்தோடு இருவர் வந்திருக்கிறீர்கள். வையுங்கள், நன்றி. வாசலருகே மேசையில் ஒரு மனு இருக்கிறது. அந்த வரியை நீக்கக் கோரும் மனு. மீனலோசனி அம்மா கையெழுத்திட்டிருக்கிறார், உக்கிரபாண்டி கைநாட்டு வைத்திருக்கிறார், அன்று பயணம் செய்த பதினேழு பேர் பெயர் எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்குக் கீழே உங்கள் இருவர் பெயருக்கும் இடம் விட்டிருக்கிறோம்.