அடுத்த பக்கத்தில் இருந்த நாடு

நாங்கள் புலம்பெயர்ந்து வந்த நகரில், ரூஜ் பக்கம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் கறுப்புச் சேலை உடுத்த இரண்டு பெண்கள். ஊரில் நடந்த யுத்தத்தில் இறந்தவர்களுக்காகத் தேவாலயத்தில் வைக்கும் வருடாந்தப் பூசை முடிந்து வருகிறார்கள் என்று பேச்சில் தெரிந்தது. ஜன்னலோரம் இருந்தவர் திடீரென்று சொன்னார்:

“கடவுள் எங்களையும் அழிக்கப்போறார் எண்டு மைக்கிலை வாசிச்சுப்போட்டன் அக்கா.”

“வருசாவருசம் உந்தப் பைபிள் வாசகம்தானே? பக்கத்து நாடுகளை ஒவ்வொண்டா எரிப்பன் எண்டு கடவுள் தீர்க்கதரிசியின்ரை வாயாலை சொல்லுவார். அதோடை நிப்பாட்டுறனாங்கள்.”

“நிப்பாட்ட மறந்துபோனன். பக்கத்தைத் திருப்பினா, அடுத்தது அவரின்ரை சொந்தச் சனம். நீங்களும் ஏழையளை வித்தனீங்கள், உங்களையும் விடமாட்டன் எண்டு கிடக்கு. அரைவாசியிலை எப்பிடி நிப்பாட்டுறது?”

“அதுவரைக்கும் எல்லாரும் கொழும்பு அரசாங்கத்தை நினைச்சுத் தலையாட்டிக்கொண்டு இருந்தவை. பிறகு ஒரு தலையும் ஆடேல்லை.”

“எனக்குக் காது அடைச்சுப்போச்சு. ‘ஆண்டவரின் அருள்வாக்கு’ எண்டு முடிச்சன். பதிலுக்கு ‘இறைவா உமக்கு நன்றி’ எண்டு ஒருத்தரும் சொல்லேல்லைத்தானே?”

“ஒராள் சொன்னவ. பின் வரிசை வாங்கிலையிருந்து, பெலத்த குரலிலை.”

“ஆரக்கா?”

மற்றவர் இறங்குவதற்காக மணிக்கயிற்றை எட்டிப் பிடித்திருந்தார். அதை இழுக்காமலே சொன்னார்:

“பக்கத்து ஊர் அஜக்ஸிலையிருந்து வாற மன்னார் அன்ரி. அவவின்ரை மகளைப் பள்ளிக்கூட வாசல்லை வைச்சுச் சண்டைக்கெண்டு பிடிச்சுக்கொண்டு போனது ஆமி இல்லை. எங்கடை ஆக்கள்.”