தெற்கத்தி நெஞ்சு, வடக்கத்தி கத்தி

— வியாழக்கிழமை முடியாதுன்னா முடியாதுதான், டாக்டரம்மா. அன்னிக்குக் காலேஜ் ஃபுட்பால் அரையிறுதி. இந்த நெஞ்சைப் பொளந்தே ஆகணும்னா இறுதி ஆட்டம் முடியட்டும். அதுக்கப்புறம் ஒரு வார்த்தை பேசாம வந்து படுத்துக்கிறேன், கேட்டுக்கோங்க.

— மிஸ்டர் பிரிட்செட், உங்க வால்வு அதுவரைக்கும் தாங்காது. எவ்வளவு சுருங்கிப் போயிருக்குன்னு படத்துல காட்டினேன் இல்லையா?

— வால்வைப் பத்தி எனக்கா சொல்றீங்க? அலபாமாவுல பாதி மீன் குட்டைக்குப் பம்பு மாட்டினவன் இந்த ஹோலிஸ் பிரிட்செட். ஒழுகுற வால்வுக்குச் சணலைச் சுத்தி ஒரு மாசம் ஓட்டியிருக்கேன்.

— அது மீனுக்கு. இது உங்களுக்கு.

— வெர்னெல், பேசாம உக்காந்திருந்தா எப்படி? நீயாவது எடுத்துச் சொல்லேன்.

— நான் என்னத்தைச் சொல்ல, ஹோலிஸ்? நாற்பத்தோரு வருஷமா உனக்குப் பொண்டாட்டி. நான் சொல்லி நீ எதைக் கேட்டிருக்க? டாக்டர் ஹால்வர்சன் ஒஹாயோக்காரங்க. அவங்களோடயே மல்லுக்கட்டு.

— என்னது, ஒஹாயோவா?

— ஆமா. கொலம்பஸ்ல பிறந்தவ நான்.

— அப்படிப் போடுங்க. வியாழக்கிழமை எங்க ஆளுகளோட மோதப்போறதே ஒஹாயோதான். அன்னிக்குன்னு பாத்து எனக்கு மயக்க மருந்து. இப்பல்ல புரியுது.

— எங்க ஆளுங்கன்னு யாரைச் சொல்றீங்க? உங்க தலையில இருக்கறது அலபாமா காலேஜ் சிவப்புத் தொப்பி. வியாழக்கிழமை ஆடப்போறது உங்க மாநிலத்துலயே இருக்கற எதிரிக் காலேஜ், ஆபர்ன். அலபாமா முதல் சுற்றுலயே வீட்டுக்குப் போயிருச்சுன்னு கேள்விப்பட்டேன்.

— அந்தப் பேச்சை விடுங்க. நெஞ்சு வலிக்குது.

— நிஜமாவா?

— இது வேற வலி. கேட்டுக்கோங்க டாக்டரம்மா, ஆபர்ன் நாசமாப் போகணும்னு சின்ன வயசுலேர்ந்து வேண்டிக்கிட்டு வரேன். என் பொண்டாட்டி ஆபர்ன்காரி, அவ முன்னாலயே சொல்றேன்.

— தேவாலயத்துல மோதிரம் மாத்தினப்பவும் என் காதுல அதைத்தான் சொன்னே.

— சொன்னேன். ஆனா ஆபர்ன் தோத்தா ஜார்ஜியாகிட்ட தோக்கணும், டென்னசிகிட்ட தோக்கணும், எல்லாத்துக்கும் மேல எங்ககிட்ட தோக்கணும். வடக்கத்தி ஆளுககிட்ட தோத்தா அது எங்க தெற்கத்திக் காலேஜெல்லாம் சேர்ந்த தென்கிழக்குக் கூட்டமைப்பே தோத்த மாதிரி. என் தம்பியை நான் அடிப்பேன். அடுத்த தெருக்காரன் கை வெச்சா சும்மா விடுவேனா? அதனால ஜனவரியில மட்டும் நானும் ஆபர்ன்தான். பிப்ரவரியில பழையபடி வாய் விட்டுத் திட்டிக்குவேன்.

— உங்க கூட்டமைப்பு இன்னும் கொடி கட்டிப் பறக்குதுன்னு நினைப்பா? கடைசி மூணு கோப்பை எங்க போச்சு? மிச்சிகன், ஒஹாயோ, இண்டியானா. மூணும் எங்க வடக்கத்திக் கூட்டமைப்பு, பிக் டென்.

— அதுக்கு முன்னால? தொடர்ந்து நாலு வருஷம் நாங்க. அதுக்கும் முன்னால விடாம ஏழு வருஷம் நாங்க. ஏழு. கையில விரல் பத்தலைன்னா என் விரலையும் சேர்த்து எண்ணுங்க.

— அந்த ஏழு வருஷம் ஆரம்பிச்சப்பப் பிறந்த குழந்தைங்கல்லாம் இப்ப கார் ஓட்டுது, மிஸ்டர் பிரிட்செட்.

— ஓட்டட்டும். பிக் டென்னாம். பேரு பெரிய பத்து, உள்ள இருக்கறது பதினெட்டு காலேஜ். பத்துக்கும் பதினெட்டுக்கும் வித்தியாசம் தெரியாத ஊர்க்காரங்க கையில நெஞ்சைக் கொடுத்தா, பத்துப் பஞ்சை வெளிய எடுத்துட்டு எட்டை உள்ள விட்டுத் தெச்சுருவீங்க.

— உங்க கூட்டமைப்புல சேர்த்துக்கிட்ட டெக்சஸ் எந்த மேப்புல தென்கிழக்குல இருக்கு? ஓக்லஹோமா? எண்ணத் தெரியாதது ஒரு குத்தம்னா, திசை தெரியாதது என்ன?

— அவங்க கல்யாணம் கட்டி வந்த சொந்தம். வசதியான இடம்னா யாரு வேண்டாம்பா?

— நவம்பர் மாசத்துல பேர் தெரியாத சின்னக் காலேஜைக் கூட்டிட்டு வந்து ஐம்பது புள்ளி அடிச்சுட்டு மார் தட்டறீங்களே, அதுவும் சொந்தமா?

— அது ஓய்வு. எங்க பக்கம் வாரா வாரம் எலும்பு முறியும். உங்க பக்கம் ரெண்டு காலேஜ் ஆடும், மிச்சப் பதினாறும் சோளம் விதைக்கும்.

— அந்தச் சோளம் விதைக்கிறவங்கதான் பந்தை வலைக்குள்ள அடிச்சுக் கோப்பையைத் தூக்கிட்டுப் போனாங்க.

— வலையா? பந்தைக் கையில தூக்கிட்டு ஓடற ஆட்டத்துல எந்த வலை?

— உதைச்ச பந்து கூட்டத்துல விழாம இருக்கக் கம்பத்துக்குப் பின்னால கட்டுவாங்களே, ஹோலிஸ், அதைச் சொல்றாங்க. வடக்க அப்படித்தான் பேசுவாங்க போல. டாக்டர், உங்க போன் அடிக்குது.

— இல்லையே. ஓ, ஆமா, அடிக்குது. ரெண்டு நிமிஷத்துல வந்துடறேன்.

— போயிட்டாங்களா, வெர்னெல்? பொம்பளை நல்லா வாயாடுது. கதவைச் சாத்து.

— சாத்திட்டேன். இப்ப உண்மையைச் சொல்லு. ஆட்டம்தானா?

— ஆட்டம்தான்.

— ஹோலிஸ்.

— பயமா இருக்கு, வெர்னெல். எங்க அப்பாவையும் இதே மாதிரி ஒரு கதவு வழியாத்தான் தள்ளிட்டுப் போனாங்க. நானும் அம்மாவும் வெளிய பெஞ்சுல ரேடியோவுல ஆட்டம் கேட்டுக்கிட்டிருந்தோம். கடைசி நிமிஷத்துல ஜெயிச்சோம். வெளிய வந்ததும் சொல்லணும்னு ஸ்கோரை உள்ளங்கையில எழுதி வெச்சிருந்தேன். அவரு வரவே இல்ல.

— தெரியும்.

— உன்கிட்ட இதை நான் சொன்னதே இல்லையே.

— உங்க அம்மா சொன்னாங்க. நம்ம கல்யாணத்துக்கு முந்தின நாள். அது அந்தக் காலம், ஹோலிஸ். இப்ப இவங்க வாரத்துக்கு நாலு நெஞ்சைத் திறந்து மூடறாங்க.

— அது போகட்டும், உன் கதை என்ன? கோப்பைக்கு ப்ளேஆஃப் சுற்றுன்னு ஒண்ணு வந்ததுலேர்ந்து உன் ஆபர்ன் உள்ள நுழையறதே இதான் முதல் தடவை. அதை விட்டுட்டு இங்க பெஞ்சுல உக்காந்திருக்கப் போறியா?

— ஆமா.

— வராந்தாவுல டிவி இருக்கே.

— அணைக்கச் சொல்லிருவேன். நீ கண்ணு முழிச்சதும் ரெண்டு பேரும் சேர்ந்து பாக்கலாம். நீ பக்கத்துல உக்காந்து திட்டாம எனக்கு ஆபர்ன் ஆட்டம் பாக்கத் தெரியாது.

— அழுவாத. நர்ஸ் வந்தா நான் ஏதோ பண்ணிட்டேன்னு நெனைப்பாங்க. ஆனா ஒண்ணு, நீ அழுதாலும் கையெழுத்து கிடையாது.

— தெரியும். உள்ள வாங்க, டாக்டர்.

— மிஸ்டர் பிரிட்செட், யோசிச்சுப் பாத்தேன். உங்களை வற்புறுத்த எனக்கு உரிமை இல்ல. ஆபரேஷன் வேண்டாம்னு இந்தத் தாள்ல எழுதிக் கொடுத்துருங்க, போதும். எனக்கு இதுல ஆச்சரியமும் இல்ல. இந்த வார்டுல நடக்கறதுதான்.

— எது நடக்கறது?

— உங்களை மாதிரியே எனக்கும் கூட்டமைப்புப் பைத்தியம், சரியா? அதனால ஒரு பட்டியல் வெச்சிருக்கேன். வால்வு ஆபரேஷன்னு சொன்னதும் அந்த இடத்துலயே கையெழுத்து போட்டவங்க யார் யார்னு. பிக் டென் பக்கத்துலேர்ந்து இங்க வந்து குடியேறினவங்க ஒன்பது பேர். ஒன்பது பேரும் போட்டாங்க. விஸ்கான்சின்காரங்க ஒருத்தங்க, எண்பத்து மூணு வயசு, என் பேனாவைப் பிடுங்கியே போட்டாங்க.

— எங்க ஆளுக?

— உங்களையும் சேர்த்துப் பதினோரு பேர். நாலு பேர் தள்ளி வைக்கச் சொன்னாங்க. நீங்க அஞ்சாவது.

— யாரு அந்த நாலு பேரு?

— பேர் சொல்லக் கூடாது.

— பேரு எதுக்கு? ஊரைச் சொல்லுங்க.

— ஒருத்தர் டென்னசி.

— டென்னசி போடாது. அது எனக்குத் தெரிஞ்ச கதைதான்.

— ரெண்டு பேர் ஜார்ஜியா. இன்னொருத்தர் அலபாமா.

— அலபாமாவா? சிவப்புத் தொப்பி போட்டிருந்தானா?

— படுக்கையில கூடக் கழட்டலை.

— இந்தப் பட்டியலே செல்லாது. எதிராளி பலத்தையும் பாக்கணும்ல? நாங்க பொறந்ததுலேர்ந்து பொரிச்ச கோழி, பன்னிக் கொழுப்பு, சீனித் தண்ணியா டீ, இத்தனையோடயும் மோதி வந்த நெஞ்சு இது. உங்க ஆளுக வெறும் பாலாடைக்கட்டி தின்னுட்டு வந்தவங்க.

— ப்ளேஆஃபுக்கு அணி பொறுக்கற தேர்வுக் குழு அதையெல்லாம் பாக்காது, மிஸ்டர் பிரிட்செட். ஒன்பதுக்கு ஒன்பது. பதினொண்ணுக்கு ஆறு.

— பேனா எங்க?

— அவசரமே இல்ல. வேணும்னா ஒரு நாள் யோசிச்சுட்டு...

— பேனாவைக் குடுங்கன்னேன். எண்பத்து மூணு வயசுக் கிழவிகிட்ட தோக்கறதுக்கா இந்த ஊர்ல பொறந்தேன்? ஆபரேஷன் சம்மதத் தாள்ல எங்க போடணும்? இங்கயா, இங்கயுமா? போட்டாச்சு. பட்டியல்ல மாத்திக்கோங்க, ஏழு. வெர்னெல், நீ சாட்சிக் கையெழுத்து போடு. நாளைக்கு இவங்க பேச்சு மாறுவாங்க.

— போட்டுட்டேன், ஹோலிஸ்.

— ஒரு நிபந்தனை, டாக்டரம்மா. முழிச்சதும் ஸ்கோரை நீங்க என்கிட்ட சொல்லக் கூடாது. நானும் இவளும் சேர்ந்துதான் பாப்போம்.

— சத்தியமா வாயைத் திறக்க மாட்டேன். கீழ ரத்தப் பரிசோதனைக்குப் போகணும். இதோ, நாற்காலியைத் தள்ள நர்ஸ் வந்துட்டாங்க.

— வரேன், வெர்னெல். நர்ஸம்மா, நீங்க எந்தப் பக்கம்? லூசியானாவா? அப்ப சரி, தள்ளுங்க. கேட்டுக்கோங்க, இப்ப நான் ஒரு ஒஹாயோக்காரியை...

— லிஃப்ட் கதவு மூடிருச்சா, மிசஸ் பிரிட்செட்?

— மூடிருச்சு, டாக்டர். உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. நான் கெஞ்சினேன், என் பொண்ணு கெஞ்சினா, பாஸ்டர் வந்து மண்டி போட்டாரு. கெஞ்சினா அசைய மாட்டான் இந்த மனுஷன். வாதத்துல தோக்கப்போறோம்னு தெரிஞ்சாத்தான் அசைவான்.

— நீங்க எழுதிக் கொடுத்த நாலு பக்கத்தையும் காபி குடிக்கிற நேரமெல்லாம் மனப்பாடம் பண்ணேன். எலும்பு, நரம்புன்னு ஏழு டாக்டர் புத்தகம் படிச்ச மாதிரி இருந்துச்சு. பட்டியல்ல பேனா பிடுங்கின அம்மாவை மட்டும் நானே சேர்த்துக்கிட்டேன்.

— அவங்கதான் அவனை விழ வெச்சாங்க. ஆனா கொலம்பஸ்ல பிறந்துட்டு அந்த வலையை எங்கேருந்து பிடிச்சீங்க?

— பிறந்தது அங்கதான். ரெண்டு வயசுல எங்க அப்பாவோட நார்வேக்குப் போயிட்டேன். அங்க ஃபுட்பால்னா காலால வலைக்குள்ள உதைக்கறதுதான். இங்க வந்து ஏழு மாசம்தான் ஆகுது. மிசஸ் பிரிட்செட், வியாழக்கிழமை உங்க வீட்டுக்காரர் நல்லபடியா முழிப்பார், அதுக்கு நான் பொறுப்பு. ஆனா முழிச்சதும் திரும்ப ஆரம்பிச்சுருவார். அதனால இதையும் சொல்லிக் கொடுத்துருங்க.

— எதை வேணும்னாலும் கேளுங்க, டாக்டர்.

— அந்தப் பந்து உருண்டையா, நீளமா?